ஒரு சிலிண்டர், இரண்டு சைலன்சர்

மைசூர் ஜாவாவை முதன்முதலாக நின்று பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். இன்ஜினில் சிலிண்டர் ஒன்றுதானே, பின்னால் சைலன்சர் ஏன் இரண்டு?

அழகுக்காக என்று சொல்லலாம். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி சிலிண்டருக்குள்ளே இருக்கிறது. ஜாவா 250 ஒரு டூ ஸ்ட்ரோக் வண்டி. சிலிண்டர் விட்டம் 65 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 75 மி.மீ. வால்வு என்று எதுவும் கிடையாது. சிலிண்டர் சுவரில் வெட்டிய ஜன்னல்களைப் பிஸ்டனே மூடியும் திறந்தும் வேலை பார்க்கிறது. புகை வெளியேறும் ஜன்னலை ஒரே அகலமாக வெட்டினால் பிஸ்டன் ரிங் அதற்குள் பிதுங்கி, விளிம்பில் சிக்கி உடைந்துவிடும். நடுவில் ஒரு தடுப்பை விட்டு இரண்டாகப் பிரித்தால் ரிங் தப்பிக்கும், புகைக்கும் தாராளமாக வழி கிடைக்கும். இடதுபுறம் ஒன்று, வலதுபுறம் ஒன்று. ஜன்னலுக்கு ஒரு வளைந்த பெண்டு பைப், பைப்புக்கு ஒரு சைலன்சர்.

செக்கோஸ்லோவாக்கியாவில் 1950களில் உருவான இந்த வண்டி 1961இல் மைசூரில் தயாராகத் தொடங்கியது. ருஸ்தம் இரானியும் பாரூக் இரானியும் தொடங்கிய ஐடியல் ஜாவா நிறுவனத்தின் தொழிற்சாலை யாதவகிரியில் இருந்தது. 1973இல் யெஸ்டி என்ற பெயர் வந்தது. 1978இல் ரோட்கிங் மாடல் வந்தது. 1996இல் தொழிற்சாலையை மூடினார்கள். ஆக, அந்தத் தொழிற்சாலையில் தயாராகி இன்றைக்குத் தெருவில் ஓடுகிற மிக இளைய யெஸ்டிக்கே ஏறக்குறைய முப்பது வயது. சட்டமும் டேங்கும் இன்னும் நூறாண்டு தாங்கும் போலிருக்கும் வண்டிகளில்கூட சைலன்சர் மட்டும் அரித்துப் போயிருக்கும். பழைய வண்டி வைத்திருப்பவர் எவரும் ஒரு நாள் புதுக் குழாய் தேடிக் கடைக்குப் போகத்தான் வேண்டும்.

அங்கேதான் சிக்கல். கடையில் தொங்குகிற குழாய்கள் எல்லாமே பளபளக்கும். பளபளப்பைப் பார்த்து வாங்கினால் வண்டி இழுக்காது. ஏனென்றால் டூ ஸ்ட்ரோக் வண்டியில் சைலன்சர் என்பது இன்ஜினுக்கு வெளியே தொங்கும் ஓர் உறுப்பல்ல. இன்ஜினின் கடைசிப் பகுதி அது.

இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது. திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட்டில் புகை போகும் வழியை வால்வு இறுக மூடிவிடும். குழாயைக் கொஞ்சம் மாற்றினாலும் அந்த இன்ஜின் சமாளித்துக்கொள்ளும். ஜாவாவில் அந்தக் காவல் இல்லை. எரிந்த புகை வெளியே போகிற அதே நேரத்தில்தான் புதுப் பெட்ரோல் கலவை உள்ளே வருகிறது. புகையோடு சேர்ந்து புதுக் கலவையும் வெளியே நழுவப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவதில் குழாய்க்குப் பெரிய பங்கு உண்டு.

வெளியேற்று ஜன்னல் திறந்ததும் உள்ளிருந்த அழுத்தம் ஓர் அலையாகக் குழாய்க்குள் பாய்கிறது. சூடான புகைக்குள் அந்த அலையின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர். குழாய் அகலும் இடத்தில் அலையின் ஒரு பகுதி உறிஞ்சும் அலையாகத் திரும்பி வந்து, சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை வெளியே இழுக்கிறது. குழாய் குறுகும் இடத்தில் முட்டிய பகுதி, தள்ளும் அலையாகத் திரும்பி, நழுவிய கலவையை மறுபடி சிலிண்டருக்குள் அமுக்குகிறது. கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் ஆழத்துக்கு ஏற்ற நேரத்தில் எதிரொலி திரும்புகிறதே, அந்த மாதிரி.

கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடும்போது ஒரு சுற்றுக்கு 12 மில்லி நொடி ஆகிறது. அதில் வெளியேற்று ஜன்னல் திறந்திருப்பது சுமார் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது 5 மில்லி நொடிக்குச் சற்றுக் குறைவு. அந்த நேரத்துக்குள் அலை ஏறக்குறைய இரண்டரை மீட்டர் ஓடிவிடும். போக ஒன்றேகால், வர ஒன்றேகால். குழாயில் அந்தத் தூரத்துக்குள் எங்கே அகலம், எங்கே குறுகல், எங்கே பள்ளம் என்பதெல்லாம் அதே சுற்றிலேயே சிலிண்டருக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்த அலையைப் பிடித்து வேலை வாங்கியவர்களில் முதன்மையானவர் கிழக்கு ஜெர்மனியின் வால்ட்டர் காடன். எம்.இசட். நிறுவனத்தின் பந்தய வண்டிகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். நடுவில் பருத்து நுனியில் குறுகும் குழாய் வடிவத்தை 1950களில் அவர் தீட்டித் தீட்டிச் செம்மைப்படுத்தினார். 1961இல் அவருடைய 125 சி.சி. இன்ஜின் 25 குதிரைத்திறன் தந்தது. லிட்டருக்கு 200 குதிரைத்திறன் என்பது அன்றைக்கு எவரும் எட்டாத அளவு. அந்த ஆண்டே அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பிச் சென்று, அந்த நுட்பத்தோடு சுசுகி நிறுவனத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு 50 சி.சி. உலகப் பட்டம் சுசுகிக்குக் கிடைத்தது. ஜப்பானிய டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் பருத்த வயிற்றுக் குழாய்களுக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. தமிழ்நாட்டு இளைஞர்கள் இன்றும் தேடி வாங்குகிற ஆர்.எக்ஸ்.100 வண்டியின் சைலன்சருக்கும் அந்தப் பரம்பரையில் ஓர் இடம் உண்டு.

ஜாவாவின் சுருட்டு வடிவ சைலன்சர் பந்தயக் குழாய் அல்ல. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு குறைந்த வேகத்தில் மேடு ஏறுவதற்காகச் செய்தது. ஆனாலும் விதி ஒன்றுதான். பெண்டு பைப்பின் நீளம், சைலன்சரின் கொள்ளளவு, பின்முனையில் செருகியிருக்கும், சத்தத்தை அடக்கும் பேஃபிளின் துளைகள் என்ற மூன்றும் சேர்ந்துதான் அந்த வண்டியின் இழுவையைத் தீர்மானிக்கின்றன.

சத்தத்துக்காகப் பேஃபிளைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுபவர்கள் இதைத்தான் இழக்கிறார்கள். சத்தம் கூடியதும் வேகம் கூடியதுபோல் தோன்றும். உண்மையில் கீழ் வேகத்து இழுவை குறைகிறது, எரியாத பெட்ரோல் வெளியே போகிறது, மைலேஜ் விழுகிறது. கலவையின் பக்குவமும் மாறுவதால் பிஸ்டன் அதிகமாகச் சூடாகும் ஆபத்தும் கூடவே வருகிறது.

இனி வேலைக்கு வருவோம்.

முதல் கேள்வி, குழாயை மாற்றத்தான் வேண்டுமா என்பது. டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஆயிலும் பெட்ரோலோடு கலந்தே எரிகிறது. முழுவதும் எரியாத ஆயில் குழாயின் உட்சுவரில் கரியாகப் படிகிறது. ஆண்டுக்கணக்கில் சுத்தம் செய்யாத சைலன்சரில் பேஃபிள் துளைகள் அடைத்துப்போய் வண்டி மூச்சுத் திணறும். குழாய் போய்விட்டது என்று நினைத்து மாற்றப்பட்ட பல சைலன்சர்களுக்குத் தேவைப்பட்டது சுத்தம் மட்டுமே. பின்முனையைக் கழற்றிப் பேஃபிளை வெளியே எடுத்து, கரியைச் சுரண்டி, தேவைப்பட்டால் நெருப்பில் காட்டி எரித்தால் போதும். சைலன்சருக்குள் இறுகிப்போன கரிக்குச் சிலர் காஸ்டிக் சோடாக் கரைசல் ஊற்றி ஊறவைக்கிறார்கள். அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும். அலுமினியத்தை அரித்துத் தின்றுவிடும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக்கூடாது. சைலன்சரை வண்டியிலிருந்து கழற்றிய பிறகுதான் செய்ய வேண்டும்.

துரு வேறு விஷயம். பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. பக்கத்துத் தெருவரை போய்த் திரும்பும் வண்டியில் குழாய் முழுதாகச் சூடாவதற்குள் அந்த ஆவி தண்ணீராகிச் சைலன்சரின் அடிப்பகுதியில் தேங்கும். அரிப்பு உள்ளிருந்துதான் தொடங்கும். மேலே குரோம் மின்னிக்கொண்டிருக்கும்போதே அடிப்பக்கம் காகிதம்போல் மெலிந்திருக்கும். சாவியின் தலையால் அடிப்பக்கத்தை மெல்லத் தட்டிப் பார்த்தால் திடமான இரும்பின் ஒலிக்கும் மெலிந்த தகட்டின் ஒலிக்கும் வித்தியாசம் கேட்கும். சின்ன ஓட்டை என்றால் பிரேஸிங் வைத்து ஒட்டி, திரும்ப முலாம் பூசிக்கொள்ளலாம். தகடு கனமான பழைய அசல் சைலன்சர் கையில் இருந்தால் அதைக் காப்பாற்ற முடிந்தவரை முயல்வதே நல்லது.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் மூன்று வழிகள் உண்டு. தொழிற்சாலை இயங்கிய காலத்தில் தயாராகி, விற்காமல் கிடந்த அசல் சரக்கு கிடைத்தால் அதிர்ஷ்டம். விலையும் அதற்கேற்ப இருக்கும். இரண்டாவது, செக் நாட்டில் பழைய ஜாவாக்களுக்காக இன்றும் தயாராகும் மறுபதிப்புகள். மூன்றாவது, நம் நாட்டுப் பட்டறைகளில் மாதிரி பார்த்து அடித்த குழாய்கள். சென்னை புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் அலைகிறவர்களுக்கு இந்த மூன்றாம் வகைதான் அதிகம் கண்ணில் படும். அதில் நல்லதும் உண்டு, மோசமானதும் உண்டு. பிரித்தறிவது வாங்குபவரின் வேலை.

பழைய குழாயைக் கடைக்குக் கையோடு எடுத்துப் போவது முதல் பாடம். புதியதையும் பழையதையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்திப் பார்த்தால் பெண்டின் வளைவு, மொத்த நீளம், பிராக்கெட் துளை இருக்கும் இடம் எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இரண்டையும் கையில் தூக்கி எடையை ஒப்பிட வேண்டும். புதியது வெகுவாக லேசாக இருந்தால் தகடு மெல்லியது. அது சீக்கிரம் அரிக்கும், தகரம் அதிர்வதுபோல் சத்தமும் போடும். பிறகு பின்முனையைத் திறந்து பேஃபிளைப் பார்க்க வேண்டும். துளைகளின் எண்ணிக்கையும் அளவும் பழையதோடு பொருந்துகிறதா? சிலவற்றில் பேருக்கு ஒரு துண்டுக் குழாய் மட்டும் இருக்கும். வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். வளைவின் உட்பக்கம் சுருங்கி மடிந்திருக்கிறதா, வெல்டிங்கின் பிசிறு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலை விட்டும் டார்ச் அடித்தும் பார்ப்பது அவசியம். அலை ஓடுகிற பாதை அது.

குரோம் பற்றி ஒரு சொல். மேலே மின்னும் குரோம் படலம் ஒரு மைக்ரான்கூட இருக்காது. இரும்பைத் துருவிலிருந்து காப்பது அதற்கு அடியில் இருக்கும் நிக்கல்தான். நிக்கலில் மிச்சம் பிடித்த குழாய் முதல் மழைக்காலத்திலேயே புள்ளி புள்ளியாகத் துருப்பிடித்துவிடும். முலாம் போடுகிற பட்டறையில் பேசும்போது குரோமைவிட நிக்கலின் கனத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்க வேண்டும்.

பழையதைக் கழற்றுவதில்தான் பல வண்டிகள் சேதமாகின்றன. பெண்டு பைப்பைச் சிலிண்டரோடு பிடித்திருப்பது ஒரு வளைய நட்டு. பல்லாண்டு வெப்பத்தில் வெந்து, கரியும் துருவும் சேர்ந்து, அது சிலிண்டரோடு ஒன்றிப்போயிருக்கும். பொறுமை இல்லாதவர்கள் உளியை வைத்துச் சுத்தியலால் அடிப்பார்கள். நட்டின் பள்ளங்கள் சிதையும். அதைவிட மோசம், சிலிண்டர் பக்கத்துத் திரெட் போய்விடும். சிலிண்டர் வார்ப்பிரும்பு; அடி தாங்காது. நட்டு போனால் சில நூறு ரூபாயில் முடியும். சிலிண்டர் திரெட் போனால் கைதேர்ந்த லேத் பட்டறையைத் தேடி அலைய வேண்டும்.

சரியான வழி மெதுவானது. முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும். காலையில் வண்டியைச் சில நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கலாம். பிறகு அந்த நட்டுக்கென்றே செய்த கொக்கி ஸ்பேனரைப் பள்ளத்தில் மாட்டி, ஒரே இழுப்பாக இழுக்காமல், முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்துக் கொடுக்க வேண்டும். கால்வாசி சுற்று திரும்பியதும் மறுபடி எண்ணெய். மறுபடி அசைப்பு. அப்படியும் அசையாவிட்டால் நட்டை அறுத்து எடுப்பது மேல். போவது நட்டு மட்டும்தான், சிலிண்டர் பிழைக்கும்.

உள்ளே இருக்கும் பழைய பேக்கிங்கை உலர்ந்த நிலையில் சுரண்டக்கூடாது. அந்தக் காலத்துப் பேக்கிங்குகள் பல, செம்புத் தகட்டுக்குள் ஆஸ்பெஸ்டாஸ் வைத்துச் செய்தவை. அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டு கழித்து நோயாக வரும். தண்ணீரில் நனைத்து, ஈரமாகவே எடுத்து, பைக்குள் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். புதிதாகப் போடச் செம்பு வளையம் போதும். போடுவதற்கு முன் அதைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் இளகிப்போகும். தண்ணீரில் முக்கி ஆற்றினாலும் செம்பு எஃகுபோல் கடினமாகாது. இளகிய வளையம் இரண்டு பக்கத்துப் பரப்பிலும் நன்றாக அமுங்கி உட்கார்ந்து புகையை அடைக்கும்.

மாட்டும்போது ஒரே ஒரு விதி எல்லாவற்றையும்விட முக்கியம். எதையும் முதலில் முறுக்கக் கூடாது. வளைய நட்டின் திரெட்டைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, வெப்பம் தாங்கும் கிரீஸ் லேசாகத் தடவி, விரலாலேயே ஏற்ற வேண்டும். விரலுக்கு ஏறாத நட்டை ஸ்பேனரால் ஏற்றினால் திரெட் கோணலாக வெட்டிக்கொள்ளும். பெண்டு பைப் இரண்டும் தளர்வாக நிற்கும்போதே சைலன்சர்களைச் செருகி, கிளாம்பை மாட்டி, பின்பக்கப் பிராக்கெட் போல்ட்டுகளையும் விரலளவுக்கு மட்டும் ஏற்றிவிட வேண்டும்.

இப்போது வண்டியின் பின்னால் சில அடி தள்ளிப் போய் நின்று பார்க்க வேண்டும். இரண்டு சைலன்சரும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா? சக்கரத்திலிருந்து இரண்டும் ஒரே தூரத்தில் விலகி நிற்கின்றனவா? இடதுபக்கம் கிக்கரும் கியர் லீவரும் ஒன்றேயான அந்தத் தண்டு முழுவதுமாக இறங்க இடம் இருக்கிறதா? வலதுபக்கப் பிரேக் பெடல் உரசுகிறதா? சென்டர் ஸ்டாண்டு போட்டு எடுத்தால் முட்டுகிறதா? பின்சக்கரம் ஷாக் அப்சார்பரோடு ஏறி இறங்கும்போது எதுவும் இடிக்காதா? எல்லாம் சரியான பிறகு முன்னாலிருந்து பின்னாக முறுக்கிக்கொண்டு வர வேண்டும். சிலிண்டர் நட்டு முதலில், கிளாம்ப் அடுத்து, பிராக்கெட் கடைசியில்.

பிராக்கெட் துளையும் வண்டியின் துளையும் ஒரு நூல் அளவு விலகியிருந்தால் நெம்பிப் பொருத்திவிடத்தான் கை போகும். அதைச் செய்யக் கூடாது. நெம்பிப் பொருத்திய குழாய் எந்நேரமும் இழுவிசையில் நிற்கும். அதோடு ஒற்றை சிலிண்டரின் அதிர்வும் சூடேறி விரிவதும் சேர்ந்தால் சில மாதத்தில் பிராக்கெட் வெல்டிங் விரியும், அல்லது சிலிண்டர் ஓரத்துக் காலர் வெடிக்கும். துளையை அரத்தால் நீட்டலாம், வாஷர் வைத்து இடைவெளியை நிரப்பலாம். சரியாக மாட்டிய சைலன்சரின் பிராக்கெட் போல்ட்டை உருவினாலும் குழாய் துள்ளி விலகாமல் இருந்த இடத்திலேயே நிற்கும். அதுதான் சோதனை.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் குரோம் மேல் இருக்கும் கைரேகை, கிரீஸ் எல்லாவற்றையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சூட்டிலேயே அவை பழுப்புக் கறையாக வெந்து படிந்துவிடும், பிறகு போகாது. முதல் சில நிமிடம் புகை வழக்கத்தைவிட அதிகமாக வரும். புதுக் குழாய்க்குள் துருப்பிடிக்காமல் பூசியிருந்த எண்ணெய் எரிகிறது, பயப்பட வேண்டாம். சிலிண்டர் வாயருகே தொடாமல் கையைக் காட்டினால், கசிவு இருக்கும் இடத்தில் துடிப்புத் துடிப்பாகக் காற்று படும். நன்றாகச் சூடாகி முழுதாக ஆறிய பின் எல்லா நட்டுகளையும் இன்னொரு முறை முறுக்க வேண்டும். செம்பு வளையம் அமுங்கிய அளவுக்கு நட்டு தளர்ந்திருக்கும். சில நாள் ஓடிய பிறகு இணைப்பில் கறுப்பு எண்ணெய்க் கசிவு தெரிந்தால் அந்த இடத்தில் புகை தப்புகிறது என்று பொருள்.

வேலை இத்தோடு முடியவில்லை. குழாய் மாறினால் கார்புரேட்டரையும் சோதிக்க வேண்டும். நீண்ட சாலையில் கொஞ்ச தூரம் நல்ல வேகத்தில் ஓட்டி, சட்டென்று இன்ஜினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். பிஸ்கட் நிறத்தில் இருந்தால் கலவை சரி. ஈரக் கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. அப்படியே ஓட்டினால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டை மாற்றாமல் அந்த வண்டியை எடுக்கக் கூடாது. பெண்டு பைப்பின் குரோம் சிலிண்டருக்கு அருகே நீலம் பாய்வதும் அளவுக்கு மீறிய சூட்டின் அடையாளம்தான். கடைக்காரரைக் குறை சொல்வதற்கு முன் ஜெட், இக்னிஷன் டைமிங், கார்புரேட்டர் பக்கத்துக் காற்றுக் கசிவு மூன்றையும் பார்த்துவிட வேண்டும்.

சத்தத்துக்குச் சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பின், ஒலி மாசு வரம்பை மீறும் வண்டிக்குப் பத்தாயிரம் ரூபாய்வரை அபராதமோ, மூன்று மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழி செய்கிறது. ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதத்துக்குப் பறிபோகலாம். பல நகரங்களில் காவல்துறை பறிமுதல் செய்த சைலன்சர்களை வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றி நசுக்கியிருக்கிறது. பழைய வண்டி என்பது இதற்கு விலக்கல்ல. 2021இல் வந்த மத்திய விதிகள் ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்துகொள்ள இடம் தருகின்றன. அதற்கும் சேஸிஸ், உடல், இன்ஜின் ஆகியவை அசல் வடிவம் மாறாமல் இருக்க வேண்டும். பேஃபிள் உள்ள சரியான சைலன்சரை மாட்டியவருக்கு இங்கே கவலையில்லை. ஜாவாவின் அசல் ஒலி காதை அறையாது. தாழ்ந்த, நிதானமான துடிப்பு அது. அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் தெருமுனையிலேயே வண்டியை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

அந்த ஒலிக்கும் தோற்றத்துக்கும் இருக்கும் மதிப்பை 2018இல் வந்த புதிய ஜாவாவில் பார்க்கலாம். இன்ஜின் முற்றிலும் புதிது. 293 சி.சி., ஃபோர் ஸ்ட்ரோக், தண்ணீரால் குளிரும் ஒற்றை சிலிண்டர். பழைய பிஸ்டன் ரிங் பிரச்சினை எதுவும் அதற்குக் கிடையாது. ஆனாலும் வடிவமைத்தவர்கள் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைலன்சர் வைத்தார்கள்.

புதுக் குழாய் வாங்கத் திட்டமிடுகிறவர்கள் ஜூலை மாதத்தின் இரண்டாம் ஞாயிறுவரை பொறுத்திருக்க முடிந்தால் நல்லது. ஆண்டுதோறும் அன்றைக்கு உலக ஜாவா தினம். இந்தியாவின் பல நகரங்களில் ஜாவா, யெஸ்டி வைத்திருப்பவர்கள் ஓரிடத்தில் கூடுகிறார்கள். ஏ டைப், பி டைப், ரோட்கிங் என்று எல்லா மாடலும் வரிசையாக நிற்கும். அசல் சைலன்சர் மாறாத வண்டி ஒன்றாவது கட்டாயம் இருக்கும். அளவு நாடாவும் டார்ச்சும் கையில் கொண்டுபோய், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, பெண்டின் நீளத்தையும் பேஃபிள் துளைகளையும் குறித்துக்கொள்ளலாம். தன் வண்டியின் குழாயை இவ்வளவு அக்கறையாக ஒருவர் பார்க்கிறார் என்றால் எந்த ஜாவாக்காரரும் பேஃபிளையே கழற்றிக் காட்டுவார்.